அதிகாரம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வேதம் வாசிக்கக் கூடும் சபையாருக்கு, மெதடிஸ்தர், கத்தோலிக்கர், அங்கிலிக்கர், சுயாதீன சபையார் என்ற பிரிவு பாராமல் எழுதும் திறந்த மடல்.



அயலவர்கள் நமக்கு இட்ட பெயர் வேதக்காரர். நாம் கூடும் இடத்துக்கு இட்ட பெயர் வேதக்கோயில். நம்மை நாம் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டாலும் ஊர்வாயில் ஒரு புத்தகத்தின் பேரால்தான் அறியப்பட்டிருக்கிறோம். தமிழில் இந்தக் ‘காரர்’ கொஞ்சம் விளையாட்டுக் காட்டும் விகுதி. கடைக்காரர் கடைக்குச் சொந்தக்காரர். வேலைக்காரர் வேலைக்குக் கட்டுப்பட்டவர். தோட்டக்காரர் என்றால் தோட்டம் அவருடையதா, அவர் அங்கே மண்வெட்டி பிடிப்பவரா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வேதக்காரர் என்ற பெயரிலும் அதே சந்தேகம் ஒளிந்திருக்கிறது. வேதம் நம்முடைய சொத்தா, நாம் வேதத்தின் வேலையாட்களா? வாயால் இரண்டாவதைச் சொல்லிக்கொண்டு, நடப்பில் முதலாவதாகவே நாம் இருந்து வருகிறோம் என்பது என் எண்ணம். அதற்கான காரணங்களை உங்கள் முன் வைக்கவே இம்மடல்.

வேதத்தின் அதிகாரத்தை மறுக்கிற சபை இந்த வாவிக்கரையில் ஒன்றுகூட இல்லை. எல்லோருடைய விசுவாசப் பிரமாணத்திலும் அது எழுதியிருக்கிறது, எல்லா மேடையிலும் அது முழங்குகிறது. ஆகவே முழக்கத்தைக் கொண்டு எதையும் அளக்க முடியாது. ஒருவர் ஒரு நீதிமன்றத்தை உண்மையில் ஏற்றுக்கொண்டாரா என்பது தீர்ப்புத் தமக்கு எதிராக வரும் நாளில்தான் தெரியும். எப்போதும் என் பக்கமே பேசுகிறவர் எனக்கு நீதவான் அல்ல, என்னுடைய சட்டத்தரணி. வேதத்தை நாம் எந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறோம் என்று பார்ப்பதற்கும் அதே வழிதான் உண்டு: நாம் விரும்பாததைச் சொல்ல அதற்கு இடம் கொடுத்திருக்கிறோமா?

டிசம்பர் 31 இரவு ஆராதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டியதும் ஒரு தட்டு வரும். அதில் உள்ளங்கை அளவான அட்டைகள், பூப்படம் போட்டு, நடுவில் ஒரு வாக்குத்தத்த வசனம், கீழே புத்தகத்தின் பெயரும் இரண்டு எண்களும். கண்ணை மூடி ஒன்றை எடுக்கிறோம், அது அந்த ஆண்டுக்கான நம்முடைய வார்த்தையாகிறது. அந்தத் தட்டில் தவறாமல் இருக்கும் அட்டை எரேமியா 29, பதினோராம் வசனம்: கர்த்தர் நம்மைக் குறித்துக் கொண்டிருப்பது தீமைக்கான நினைவல்ல, சமாதானத்துக்கான நினைவு என்ற பொருளில் வருவது. மிக நல்ல வசனம்தான். ஆனால் அது எங்கிருந்து கத்தரிக்கப்பட்டது? எரேமியா 29 ஒரு கடிதம், அதுவும் திறந்த கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்ட மக்களுக்கு, இன்றைய பேச்சில் சொன்னால் இடம்பெயர்க்கப்பட்டவர்களுக்கு, எழுதப்பட்டது. அதன் தொடக்கத்தில் எரேமியா அவர்களுக்குச் சொல்வது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்தின் நன்மைக்காக மன்றாடுங்கள். ஏனென்றால் திரும்பிவர எழுபது வருடமாகும். அந்த எழுபது வருடம் பத்தாம் வசனத்தில் இருக்கிறது, அட்டைக்கு ஒரு வரி முன்னால். அதாவது, அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் அந்நிய மண்ணிலேயே அடக்கம் பண்ணப்படுவார்கள் என்று சொன்ன பிறகு வருகிற ஆறுதல் அது.

ஒரு அதிகாரம் முன்னால் போனால் காரியம் இன்னும் கூர்மையாகிறது. அங்கே அனனியா என்றொரு தீர்க்கதரிசி. ஆலயத்தில் எல்லோருக்கும் முன்பாக நின்று, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று அறிவிக்கிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறான். கூட்டம் யார் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டே அனனியா இறந்துபோனான் என்று முடிகிறது அதிகாரம். இப்போது நம்முடைய அட்டையைத் திரும்பப் பாருங்கள். எழுபது வருடம் கத்தரிக்கப்பட்டது, சிறைப்பிடித்தவனுக்காக ஜெபிக்கும் கட்டளை கத்தரிக்கப்பட்டது, கனவு சொல்லும் தீர்க்கதரிசிகளுக்குச் செவிகொடாதிருங்கள் என்ற எச்சரிக்கையும் போயிற்று. மிஞ்சுவது இந்த ஆண்டு எல்லாம் நன்றாகிவிடும் என்ற செய்தி. அது அனனியாவின் செய்தி. எரேமியாவின் புத்தகத்திலிருந்தே அனனியாவை அச்சடித்துத் தட்டில் வைத்துக் கொடுக்கிறோம். 1990இலும் 2006, 2007இலும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஓடியவர்கள் வாழும் மண் இது. முழுக்கடிதத்தையும் படிக்க இதைவிடத் தகுதியான சபை உலகத்தில் எங்கே இருக்கும்?

இந்தக் கத்தரிப்புக்கு உதவியாக இருப்பது ஓர் அச்சுக்காரரின் வசதி. பவுல் வசனம் வசனமாக எழுதவில்லை, எரேமியாவும் எழுதவில்லை. வேதத்தை இன்றுள்ள அதிகாரங்களாகப் பிரித்தது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயக் குருவின் வேலை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்களைப் போட்டவர் ரொபேர் எஸ்தியென் என்ற பிரெஞ்சு அச்சகக்காரர், 1551இல். இடம் தேட உதவும் கதவிலக்கம்தான் அது. நாமோ கதவிலக்கத்தை வீடென்று எடுத்துக்கொண்டோம். தமிழ் நமக்கு இதில் ஒரு கொடை தந்திருக்கிறது. நம்மை ஆளும் உரிமைக்கும் அதிகாரம் என்றே பெயர், நூலின் பெரும் பிரிவுக்கும் அதிகாரம் என்றே பெயர். சிலேடைக்காகச் சொல்லவில்லை: வேதத்தின் அதிகாரத்துக்கு அடங்க விரும்புகிறவர் முதலில் அதிகாரத்தை வாசிக்க வேண்டும், முழுதாக, தொடக்கம் முதல். தனி வசனத்தை நாம் தேர்ந்தெடுக்கிறோம், ஆகவே அங்கே ஆள்வது நாம். முழு அதிகாரத்துக்குள் நுழைந்தால் அடுத்து என்ன வரும் என்பது நம் கையில் இல்லை.

கத்திரிக்கோலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதே எரேமியா புத்தகம் 36ஆம் அதிகாரத்தில் யோயாக்கீம் ராஜா மாரிகால மாளிகையில் கணப்பின் முன்னே உட்கார்ந்திருக்கிறான். சுருளை ஒருவன் வாசிக்கிறான். மூன்று நான்கு பத்தி வாசித்ததும் ராஜா எழுத்தனுடைய சூரிக்கத்தியால் அந்தத் துண்டை அறுத்து நெருப்பில் போடுகிறான், முழுச்சுருளும் தீரும்வரை. அவன் வெளிப்படையான ஆள். வேண்டாததை எரித்தான், அவ்வளவுதான். இதைவிட நாசூக்கான கத்தி 1807இல் லண்டனில் அச்சாயிற்று: மேற்கிந்தியத் தீவுகளிலிருந்த ஆபிரிக்க அடிமைகளுக்கென்று தெரிவு செய்யப்பட்ட வேதாகமப் பகுதிகள். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி அதில் இல்லை. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்டுப் பொறுமையாக இருந்த கதை உண்டு, மோசே பார்வோனிடமிருந்து மக்களை விடுவித்த கதை இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதி உண்டு, யூதனென்றும் கிரேக்கனென்றும் அடிமையென்றும் சுயாதீனனென்றும் வித்தியாசமில்லை என்ற கலாத்தியர் பகுதி இல்லை. அதை அச்சிட்டவர்களும் வேதத்தின் அதிகாரத்தை ஏற்றவர்களே. சொல்லப்போனால் அந்த அதிகாரத்தின் வலிமை அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. விட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் வெட்டினார்கள்.

அதே இங்கிலாந்திலிருந்து ஏழு வருடம் கழித்து, 1814இல், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் புளியந்தீவில் வந்திறங்கினார். ஒரு வருடம்கூட அவர் இங்கே வாழவில்லை. 1815 ஏப்ரல் 1 அன்று இறந்துபோனார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் கைவைத்த காரியம் பள்ளிக்கூடம். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த ஆண்டில்தான் வைத்து எண்ணுகிறது. மக்கள் தாங்களே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும் என்பது அந்த முயற்சிக்குள் இருந்த துணிச்சல். படிக்கக் கற்றவர் உங்கள் பிரசங்கத்தைச் சரிபார்ப்பார், இன்னொரு பக்கத்தைப் புரட்டுவார், நீங்கள் விட்டதைக் கண்டுபிடிப்பார். எல்லோரும் வாசிக்கத் தெரிந்த சபையில் வெட்டிய வேதம் கொடுப்பது கஷ்டம். இருநூறு வருடத்துக்குப் பின், எல்லோருக்கும் வாசிக்கத் தெரிந்த இந்த ஊரில், முழுப் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டே நாம் வெட்டிய வேதம் வாசிக்கிறோம். லண்டன் அச்சகக்காரர் செய்த வேலையை நம் விரல்களே செய்கின்றன.

தமிழ்த் திருச்சபையின் மிகப் பெரிய வெட்டு எது என்று கேட்டால் தஞ்சாவூரைக் காட்டுவேன். வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இல்லாமல் நம் ஆராதனை இல்லை. அந்தப் பெரும்புலவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் இரண்டு போராட்டங்களில் முன்னே நின்றார். ஒன்று, பப்ரிசியுசின் பழைய தமிழ் வேதத்தை மிஷனரி ரேனியஸ் திருத்தியதை எதிர்த்தது. மற்றது, ஆலயத்திலும் நற்கருணையிலும் சாதி பார்க்கக்கூடாது என்ற புதிய மிஷனரிமாரை எதிர்த்தது. 1829இல் ‘சாதி திருத்தலின் பயித்தியம்’ என்ற நூலையே எழுதினார். 1833இல் பேராயர் டானியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி ஒழிய வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பியபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். வேதத்தின் ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது என்று வாதாடியவரும், சாதியை விட்டுவிடச் சொல்வது பைத்தியம் என்று எழுதியவரும் ஒரே ஆள். அவரைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. வேதத்தின் எழுத்தை உயிருக்கு உயிராக நேசித்துக்கொண்டே அதன் ஒரு தீர்ப்புக்கு வெளியே நிற்க முடியும் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அவருக்கே அது நேர்ந்தது என்றால் நமக்கு நேராதா?

நற்கருணையையே பாருங்கள். ஒவ்வொரு முறையும் வாசிக்கப்படுவது 1 கொரிந்தியர் 11, இருபத்து மூன்றாம் வசனம் தொடங்கி நான்கு வசனம். அந்த அதிகாரத்தில் பவுல் நற்கருணையைப் பற்றிப் பேச்செடுத்ததற்கே காரணம் கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்ததும் இல்லாதவர்கள் பசியோடு நின்றதும்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கோபமாகக் கேட்கிறார். அந்தக் கேள்வி இருபத்திரண்டாம் வசனம். நாம் அடுத்த வசனத்தில் தொடங்குகிறோம். பிறகு அபாத்திரமாய்ப் போசனபானம் பண்ணுவது பற்றிய எச்சரிக்கையை எடுத்து, நேற்று யாரோடு சண்டை போட்டேன், எந்தப் படம் பார்த்தேன் என்று தனிமனித மனச்சாட்சிக் கணக்காக்கிவிட்டோம். முன்னால் போன கேள்வியோடு சேர்த்து வாசித்தால் அந்த எச்சரிக்கை பந்தியில் பக்கத்தில் இருப்பவரை மதிக்காதவருக்கு விழுந்தது. தாய்வழிக் குடி என்பதும் வயிற்றுவார் என்பதும் இந்த மண்ணின் உறவுமுறை. அதில் தன்னளவில் குற்றமில்லை. ஆனால் கலியாணப் பேச்சில் மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்றவரா என்று விசாரிக்கும் முன்னே இன்ன ஆட்களா என்று விசாரிக்கிற வீட்டில் 1 கொரிந்தியர் 11 இன்னும் முழுதாக வாசிக்கப்படவில்லை.

வெளியிலிருந்து வாசித்தவர்கள் சிலசமயம் நம்மைவிட முழுதாக வாசித்திருக்கிறார்கள். பீட்டர் பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தபோது கூட இருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். 1850இல் அந்த மொழிபெயர்ப்பு அச்சாயிற்று. நான்கே வருடத்தில், 1854இல், நாவலர் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதினார். கோயிற் கிரியைகளை ஏளனம் செய்த மிஷனரிமாருக்கு லேவியராகமத்தையும் எருசலேம் ஆலயத்தின் விளக்கையும் தூபத்தையும் பலியையும் எடுத்துக்காட்டி, உங்கள் புத்தகத்திலேயே இதெல்லாம் இருக்கிறதே என்று கேட்டார். அவருடைய முடிவை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் அவர் சுட்டிக்காட்டிய பக்கங்கள் மிஷனரிமார் பிரசங்கத்தில் தொடாத பக்கங்கள். அந்தளவுக்கு அவர் சொன்னது சரி.

இனி அதிகாரம் வேதத்திலிருந்து வேதத்தைப் பிடித்திருக்கும் கைக்கு மாறிவிடுவதைப் பற்றி. பாஸ்டர் சொன்னால் கர்த்தர் சொன்ன மாதிரி என்ற பேச்சு இன்று சாதாரணம். கணக்குக் கேட்டால், தீர்க்கதரிசனம் பலிக்கவில்லையே என்று கேட்டால், அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்ற சங்கீத வசனம் வந்து விழும். சங்கீதம் 105, பதினைந்தாம் வசனம். அந்தச் சங்கீதத்தை முழுக்க வாசியுங்கள். அங்கே அபிஷேகம் பண்ணப்பட்டவர்கள் என்று சொல்லப்படுவது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு: எண்ணிக்கையில் கொஞ்சம் பேர், சொந்தக் காணி இல்லாதவர்கள், ஒரு ராச்சியத்திலிருந்து இன்னொரு ராச்சியத்துக்கு அலைந்த பரதேசிகள். கடவுள் கண்டித்தது அவர்களை நசுக்கக்கூடிய ராஜாக்களை. எளியவனைப் பலவானிடமிருந்து காக்கச் சொன்ன வசனத்தை ஒலிவாங்கி பிடித்தவர் வாங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு எதிராகப் பிரயோகிக்கிறார். இன்னொன்று: அந்தச் சங்கீதம் நினைவுகூரும் சம்பவம் ஆதியாகமம் 20இல் இருக்கிறது. அங்கே ஆபிரகாம் சாராளைத் தங்கை என்று சொல்லி ஏமாற்றியதற்காக அபிமெலேக்கு ராஜா அவரை முகத்துக்கு நேரே கேள்வி கேட்கிறான். கேட்டதற்காக அவன் தண்டிக்கப்படவில்லை. அபிஷேகம் பெற்றவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17 புகழ்வதும் இதற்காகவே: பவுலே வந்து பேசினாலும் காரியங்கள் இப்படித்தான் இருக்கின்றனவா என்று தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள். அதை லூக்கா அவர்களுடைய நற்குணம் என்று எழுதினார். நம்மூர் மேடைகள் சிலவற்றில் அதற்குக் கலகம் என்று பெயர்.

இதற்கு உங்களில் பலர் சொல்லக்கூடிய முதல் மறுப்பு எனக்குத் தெரியும். வேதம் தானாகப் பேசாது, யாராவது விளக்கத்தான் வேண்டும், ஆகவே வேதத்தின் அதிகாரம் என்பது கடைசியில் விளக்குபவரின் அதிகாரம்தானே? போதாக்குறைக்குத் தமிழ் வேதமே ஒன்றல்ல. பப்ரிசியுஸ் பராபரன் என்றார், பின்னாளில் மொழிபெயர்த்த பவர் தேவன் என்றார், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்கிறது. யோவானின் முதல் வரியில் ஒன்றில் வார்த்தை, இன்னொன்றில் வாக்கு. எதற்கு அடங்குவது? மறுப்பில் பாதி உண்மை. விளக்கம் இல்லாத வாசிப்புக் கிடையாது. ஆனால் சொற்கள் மாறினாலும் மொழிபெயர்ப்புகள் ஒன்றையொன்று பார்க்கவும் திருத்தவும் மூலத்தை நோக்கித் திரும்பவும் முடிந்திருக்கிறது. எந்த மொழிபெயர்ப்பிலும் கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைக்கலாம் என்று இல்லை. நமக்குச் சங்கடம் தரும் இடங்கள் பெரும்பாலும் விளங்காத இடங்கள் அல்ல, நன்றாக விளங்கும் இடங்கள். கத்தோலிக்கச் சகோதரருக்கும் ஒரு சொல்: இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றி வெளியிட்ட ஏட்டில் திருச்சபையின் போதக அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்குப் பணிபுரிவது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விளக்கும் உரிமை யாருக்கு என்பதில் உங்களுக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் வழக்கு உண்டு. விளக்குபவரும் கீழேதான் நிற்கிறார் என்பதில் வழக்கில்லை.

விளக்கம் எப்படி நேர்மையாகும் என்பதற்கு வாவியே உவமை தருகிறது. மாரியில் நீர் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடு என்பார் படுவான்கரை வயல்காரர், கதிர் அழுகிவிடும் என்ற பயம். பொறு என்பார் வாவியில் வலை வீசுகிறவர், இறால் கடலோடு போய்விடும் என்ற பயம். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் தத்தம் கரையிலிருந்து தண்ணீரைப் பார்க்கிறார்கள். தனியே ஒருவரைக் கேட்டு முடிவெடுத்தால் மற்றவர் கெட்டார். வேதத்தையும் அப்படித்தான் ஒவ்வொருவரும் தத்தம் கரையிலிருந்து வாசிக்கிறோம். வாசிப்பு ஒரு மேடையில் ஒரு குரலாகச் சுருங்கினால் ஒரு கரையின் பயமே வேதமாகிவிடும். கடன் கொடுத்தவரும் கடன் பட்டவரும், காணிக்காரரும் கூலிக்குப் போகிறவரும், ஆண்களும் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே அதிகாரத்தை வாசிக்கும்போது எவருக்கும் தமக்கேற்ற விளக்கம் அவ்வளவு லேசாகக் கிடைக்காது.

இரண்டாவது மறுப்பு கடினமானது. முழுவேதத்துக்கும் அடங்கு என்றால் அடிமைகளுக்குக் கட்டளை சொல்லும் பகுதிக்கும், பெண்கள் சபையில் பேசாதிருக்கச் சொல்லும் பகுதிக்கும் அடங்குவதா? நழுவலாகப் பதில் சொல்லக்கூடாத கேள்வி. என் பதில் இது: வேதத்தை வேதமே எப்படி வாசிக்கிறது என்று பார்க்க வேண்டும். தள்ளுதற்சீட்டைப் பற்றிப் பரிசேயர் மோசேயின் சட்டத்தைக் காட்டியபோது, அது உங்கள் இருதயக் கடினத்துக்காக விடப்பட்ட சலுகை, ஆதியில் அப்படி இருக்கவில்லை என்றார் இயேசு. மத்தேயு 19. எல்லாப் பக்கமும் ஒரே எடையில் இல்லை என்பதை நிறுத்துக் காட்டியவர் அவரே. நிறுத்த தராசும் வெளியே வாங்கியதல்ல, ஆதியாகமத்திலிருந்து எடுத்தது. அதே அளவுகோலில்தான் பெண்களைப் பேசவேண்டாம் என்று எழுதிய 1 கொரிந்தியரிலேயே, அவர்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடக்கிற காரியமாகவே வைத்துப் பேசும் பதினோராம் அதிகாரம் இருப்பதைக் காண்கிறோம். ஒன்றை மட்டும் சட்டமாக்கி மற்றதை மறப்பதும் கத்தரிப்புத்தான். எல்லா முடிச்சும் இப்படி அவிழ்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சில அவிழாமலே இருக்கின்றன. அவிழாத முடிச்சை அவிழாமல் வைத்திருப்பதும் அடக்கத்தின் ஒரு பகுதி.

மூன்றாவது மறுப்பை இந்த நகரத்தில் எழுதும்போது கை தயங்குகிறது. புனித நூலுக்கு முழுதாக அடங்குகிறேன் என்று சொன்னவர்கள் செய்ததைத்தானே 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலய வாசலில் வெடித்த தற்கொலைக் குண்டில் பார்த்தோம், கொல்லப்பட்டவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் அல்லவா, அடங்குதல் என்ற சொல்லே ஆபத்தானதல்லவா என்ற கேள்வி. இன்னொரு சமயத்தாரின் நூலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும் பதிவில் இருக்கிறது: அந்தக் கூட்டத்தின் தலைவனைப் பற்றி அதற்கு முன்னரே முறைப்பாடு செய்தவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள். தன் சமூகத்தின் கேள்விக்கு வெளியே போய்விட்ட ஒருவன் தனக்கு வேண்டியதை எடுத்துக் கையில் பிடித்தான். அது நூலுக்கு அடங்குவது அல்ல, நூலை அடக்குவது. நம் பக்கத்திலும் வனாந்தரத்தில் வசனம் சொன்னவன் பிசாசு என்பதை மத்தேயு 4 மறைக்கவில்லை. அவன் சொன்னது சங்கீதம் 91, நடுவில் ஒரு தொடரை விட்டுவிட்டு.

வேதம் துப்பாக்கியோடு வந்தது என்பவர்களுக்கு நீண்ட பதில் வேண்டாம். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து நம் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், நாளடைவில் உத்தியோகத்துக்கு ஞானஸ்நானத்தை நிபந்தனையாக்கினார்கள். பதிவேடுகளில் கிறிஸ்தவர்கள் பெருகினார்கள். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி போனது, பதிவேட்டுக் கிறிஸ்தவமும் கரைந்தது. துப்பாக்கிக்கு இருந்த அதிகாரம் துப்பாக்கியோடு போயிற்று. அதற்குப் பிறகும் மிஞ்சி நிற்பதைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் ஏட்டுச் சண்டை அல்ல. யாத்திராகமம் 22 ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டிக்காரனைப்போல் நடக்காதே என்கிறது, அடகு வாங்கிய போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது, அவன் எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று கேட்கிறது. நுண்கடன் தவணைக்காகக் கைக்கடன் வாங்கி, கைக்கடனுக்காக மீற்றர் வட்டிக்குப் போகும் பெண்கள் நம் வாங்குகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். வட்டிக்குக் கொடுக்கிறவர்களும் அதே வாங்குகளில் இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா? பத்தில் ஒன்று பற்றி மல்கியா மூன்றாம் அதிகாரம் சொல்வது எல்லோருக்கும் மனப்பாடம். அதே அதிகாரத்தில், ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரனின் கூலியிலும் விதவையிடத்திலும் அநியாயம் செய்கிறவர்களுக்கு எதிராகக் கர்த்தர் சாட்சியாக வருகிறார் என்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? காணிக்கைப் பையோடு பத்தாம் வசனம் வருகிறது. ஐந்தாம் வசனம் எந்தப் பையோடும் வருவதில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது சிறியது. வாக்குத்தத்த அட்டையைக் கிழிக்கச் சொல்லவில்லை. எடுத்த வசனம் எந்த அதிகாரத்தில் இருக்கிறதோ அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்த பிறகே அட்டையைச் சுவரில் ஒட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, வருகிற ஆண்டின் முதல் வாரங்களில் எல்லாச் சபைகளும் யாக்கோபு நிருபத்தை எடுங்கள். ஐந்து அதிகாரம், 108 வசனம், சத்தமாக வாசித்தால் அரைமணிக்குள் முடியும். ஒன்றையும் தாண்டாதீர்கள். பிரசங்கம் செய்யுமுன் கேள்வி கேட்க விடுங்கள், முதலில் பெண்களை, பிறகு இளைஞரை, கடைசியில் மூப்பரை. இரண்டாம் அதிகாரத்தில் பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம் கொடுத்து, கந்தை கட்டியவரைக் காலடியில் உட்காரச் சொல்லும் சபையைப் பற்றி வருகிறது. அந்தப் பகுதியை மட்டும் முன்வரிசையில் இருப்பவர் ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள்.